வளையலை அடகுக்கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 31. சென்னையில் ஒரு நிறுவனத்தில் 5 வருடம் எஸ்கியூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) சப்போர்ட்டில் இருந்தேன். எல்-1, அதாவது முதல் நிலை என்பதால் மானிட்டரிங் ஸ்கிரீனைப் பார்ப்பது, பேக்கப் ஜாப் ஃபெயில் ஆனால் மறுபடி ஓடவிடுவது, புகார் டிக்கெட்டை மேல் நிலை ஆட்களுக்குத் தள்ளுவது, அவ்வளவுதான் வேலை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு வந்துவிட்டோம். இரண்டரை வருடம் இடைவெளி விழுந்துவிட்டது. இப்போது டிபிஏ (டேட்டாபேஸை நிர்வகிக்கும்) வேலைக்கே திரும்ப ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் ஆன்லைன் வகுப்புக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள், வேலைக்கு உத்தரவாதம் என்கிறார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று யோசனை. பழைய தோழி ஒருத்தி, "டேட்டாபேஸ்காரர்களே சேர்ந்து ஆன்லைனில் இலவசமாகச் சொல்லித் தருகிறார்களே, அதைப் பாரேன்" என்றாள். அப்படி இரண்டு கூட்டங்களில் கலந்துகொண்டேன். இரவு பத்தரைக்கு ஆரம்பம். வேகமான ஆங்கிலம். பாதி புரியவில்லை. கேள்வி கேட்கக் கூச்சமாக இருந்தது. சான்றிதழும் இல்லை. இலவசமாகத் தருவதில் தரம் இருக்குமா? எதை நம்பி இறங்குவது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். நான் இந்த வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. இன்றைக்கு எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தது. அதனால் உங்கள் தோழி சொன்ன பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் அந்தக் கூட்டங்களுக்குப் போகும் விதத்தை நீங்கள் மாற்ற வேண்டும். ஏன் என்று சொல்ல எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2011இல் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்றரை. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் டேட்டாபேஸ். ஒரு குறிப்பிட்ட மாதத்து ரிப்போர்ட்டைத் திறந்தால் கனெக்ஷனே அறுந்துபோகிறது என்று ஃபோன் வந்தது. எரர் லாகைத் திறந்தால் 824 என்ற எரர் எண். டேட்டாவைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்துத்தான் ஃபைலில் வைக்கும். அதில் ஒரு பக்கம் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். டேட்டாபேஸ் முழுவதையும் சோதிக்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை ஓட்டினேன். நல்லவேளை, கெட்டது ஒரே ஒரு பக்கம். அந்த ரிசல்ட்டின் கடைசி வரியில், இதைச் சரிசெய்யக் குறைந்தபட்சம் 'ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்' தேவை என்று அதுவே சொல்லியிருந்தது. ஃபோனில் மேலாளர், "ரிப்பேர்னு போட்டிருக்கே, ஓட்டிவிடுங்க, காலையில பில் போகணும்" என்றார். என் கையும் கீபோர்டு மேல்தான் இருந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்னால் ஓர் இலவச வெப்பினார் பார்த்திருந்தேன். பேச்சாளர் எங்கள் கண்ணெதிரில் தன் டேட்டாபேஸைத் தானே கெடுத்தார். பிறகு அந்த ரிப்பேரை ஓட்டி, வரிசைகளை எண்ணிக் காட்டினார். எண்ணிக்கை குறைந்திருந்தது. பெயரில்தான் ரிப்பேர். கெட்ட பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஒட்ட வைக்கிற வேலை அது. அடுத்ததாக, அந்த ஒரு பக்கத்தை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்து, அதன்மேல் லாக் பேக்கப்புகளை (பேக்கப்புக்குப் பிறகு நடந்த மாற்றங்களின் பதிவுகளை) வரிசையாக ஏற்றி, ஒரு வரிசைகூடப் போகாமல் மீட்டார். அந்தப் படிகளை நோட்டில் எழுதி, அந்த வார இறுதியில் என் லேப்டாப்பில் இரண்டு தடவை செய்தும் பார்த்திருந்தேன். அந்த இரண்டு தடவைதான் அன்றிரவு என்னைக் காப்பாற்றியது.

முந்தின நாள் இரவு எடுத்த பேக்கப்பை வேறு பெயரில் ரீஸ்டோர் செய்து செக்டிபி ஓட்டினேன். அதிலும் அதே பக்கம் கெட்டிருந்தது. அதற்கு முந்தின நாள், அதிலும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பில்தான் பக்கம் சுத்தமாகக் கிடைத்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என ஐந்து நாள் லாக் பேக்கப்புகள் சங்கிலி அறுபடாமல் இருந்ததால், அத்தனையையும் ஏற்றி, இன்னும் பேக்கப் ஆகாத கடைசித் துணுக்கு லாகையும் சேர்த்து முடித்தபோது மணி மூன்றேகால். ஒரு பில்கூடப் போகவில்லை.

இதில் உங்களுக்கென்று ஒன்று இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை பேக்கப் ஜாப் தினமும் பச்சையாகத்தான், அதாவது சரியாக முடிந்தது என்றுதான் இருந்தது. நீங்கள் 5 வருடம் பார்த்த அதே பச்சை. கெட்ட பக்கத்தையும் சேர்த்தே அது காப்பி எடுத்துக்கொண்டிருந்தது. பேக்கப் எடுக்கும்போது பக்கம் கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் 'செக்சம்' என்ற ஒரு ஆப்ஷனைச் சேர்த்திருந்தால் முதல் இரவே ஜாப் நின்றுபோயிருக்கும், சிவப்பு வந்திருக்கும், உங்களைப் போல ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை டிக்கெட் போட்டிருக்கும். எல்-1 வேலை என்று நீங்கள் தாழ்த்திச் சொல்கிறீர்கள். ஃபெயிலான ஜாபை எத்தனையோ இரவு பார்த்தவர் நீங்கள். 'ஏன் ஃபெயில் ஆகும், பச்சைக்குள் என்ன ஒளிந்திருக்கும்' என்ற கேள்வியோடு போனால் இந்தக் கூட்டங்களில் நீங்கள் புது ஆள் இல்லை.

இனி, இலவசத்தில் தரம் இருக்குமா என்ற கேள்வி. யார் நடத்துகிறார்கள், காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் தெளியும். 1999இல் எஸ்கியூஎல் சர்வர்காரர்களுக்காக 'பாஸ்' என்ற அமைப்பு தொடங்கியது. 2007 நவம்பரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஆண்டி வாரன், ஸ்டீவ் ஜோன்ஸ், பிரையன் நைட் மூவரும் 'எஸ்கியூஎல் சாட்டர்டே' என்று ஒரு நாள் இலவசப் பயிற்சியை ஆரம்பித்தார்கள். சனிக்கிழமையாக வைத்தால் ஆபீசில் லீவு கேட்க வேண்டாம், கம்பெனி காசை எதிர்பார்க்க வேண்டாம். உலகத்தில் பல ஊர்களில் அந்த ஊர்க்காரர்களே அதை எடுத்து நடத்தினார்கள். 24 மணி நேரம் தொடர்ந்து, மணிக்கு ஒரு பாடம் என்று 'பாஸ்' ஆன்லைனிலும் இலவசமாக நடத்தியது. 2017இல் பிரென்ட் ஓசார் என்ற டேட்டாபேஸ் ஆலோசகர் தொடங்கிய 'குரூப்பை' மாநாட்டில் எந்தப் பாடம் வேண்டும் என்று பார்வையாளர்களே ஓட்டுப் போட்டார்கள். கொரோனாவில் நேர்க்கூட்டங்கள் நின்றதும் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தன. அந்த இழப்பில் 2021 ஜனவரியோடு 'பாஸ்' அமைப்பே மூடப்பட்டது. ஆனால் சனிக்கிழமைக் கூட்டங்களைத் தன்னார்வலர்கள் விடவில்லை. லாப நோக்கமில்லாத அமைப்பாகத் தொடர்கிறார்கள். பெயர்ப்பலகை மாறினாலும் சொல்லித் தருகிற கைகள் அதேதான்.

செலவை ஏற்பது பெரும்பாலும் மானிட்டரிங், பேக்கப் மென்பொருள் விற்கும் நிறுவனங்கள். பதிலுக்கு, பதிவு செய்தவர்களின் மின்னஞ்சல் அவர்களுக்குப் போகும். விளம்பர மெயில் வரும். அதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சர் பேசும் பாடம் சில நேரம் தங்கள் பொருளைக் காட்டுவதாகவே முடிந்துவிடும். தலைப்பிலேயே தெரியும், தவிர்த்துவிடலாம். பேசுகிறவர்களுக்குப் பெயர் கிடைக்கும், மைக்ரோசாஃப்டின் எம்விபி போன்ற அங்கீகாரம் கிடைக்கும், கன்சல்டிங் வேலையும் வரும். அதில் ஒளிவு மறைவு இல்லை. தான் யாரிடமோ இலவசமாகக் கற்றதைத் திருப்பித் தருகிறோம் என்ற எண்ணமும் அவர்களிடம் நிஜமாகவே இருக்கிறது. ஸ்வீடனின் ஓலா ஹாலன்கிரன் எழுதிய பேக்கப், பராமரிப்பு ஸ்கிரிப்டுகள், சர்வரில் இப்போது என்ன ஓடுகிறது என்று காட்டும் ஆடம் மெக்கானிக்கின் 'எஸ்பி ஹூ இஸ் ஆக்டிவ்', கிறிஸ்ஸி லெமேர் தொடங்கிய 'டிபிஏ டூல்ஸ்' என்ற நிர்வாகக் கருவிகள் எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. பெரிய பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் இன்றும் ஓடுகின்றன. நீங்கள் வேலை பார்த்த இடத்தின் ஜாப் பட்டியலிலேயே இவற்றில் ஒன்றின் பெயர் இருந்திருக்கலாம். நினைவுபடுத்திப் பாருங்கள்.

பாதி புரியவில்லை என்றீர்கள். ஆங்கிலம் மட்டும் காரணமாக இருக்காது. இந்தக் கூட்டங்களில் பாடங்களுக்கு 100, 200, 300, 400 என்று நிலை போடுவது வழக்கம். 100 என்றால் அறிமுகம், 400 என்றால் பழுத்த ஆட்களுக்கு. 2020இல் தொடங்கிய 'எயிட்கேபி' என்ற ஆன்லைன் மாநாடு முழுக்க முழுக்க எஸ்கியூஎல் சர்வரின் உள்வயிற்றைப் பற்றியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் அதை நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்கிறேன். நீங்கள் நிலையைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஆறு மாதம் 100, 200 தாண்டாதீர்கள்.

நேரமும் ஒரு தடை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நண்பகல் 12 என்றால் நமக்குக் கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அந்த நேரத்தில் தினமும் உட்கார உங்களால் முடியாது, வேண்டவும் வேண்டாம். பெரும்பாலானவற்றைப் பதிவு செய்து யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். பகலில் குழந்தை தூங்கும்போது வேகத்தை முக்காலாகக் குறைத்து, கீழே எழுத்து ஓடவிட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். நேரலைக்கு மாதம் ஒரே ஒரு முறை, கையில் ஒரு கேள்வி இருக்கும்போது மட்டும் போங்கள். அடிப்படையைத் தாய்மொழியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க விரும்பினால், கணியம் அறக்கட்டளை மைஎஸ்கியூஎல் பற்றி எளிய தமிழில் இலவச மின்னூல் தந்திருக்கிறது. டேட்டாபேஸ் வேறு என்றாலும் டேபிள், ஜாயின், இன்டெக்ஸ் எங்கும் ஒன்றுதான்.

இனிதான் முக்கியமானது. ஒரு மணி நேரம் பார்த்தால் மூன்று மணி நேரம் கையால் செய்ய வேண்டும். பார்த்ததோடு நிறுத்தியவர்களை நேர்காணலில் நிறையச் சந்தித்திருக்கிறேன். "கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது?" என்று கேட்பேன். பேக்கப்பின் வகைகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தவர்கள் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள்.

8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். எஸ்கியூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷன் 2016இலிருந்து இலவசம். காசு கொடுத்து வாங்கும் என்டர்பிரைஸ் எடிஷனில் உள்ள வசதி எல்லாம் அதில் உண்டு. ப்ரொடக்ஷனில், அதாவது நிஜ வேலை ஓடும் சர்வரில் மட்டும் பயன்படுத்தக் கூடாது. இன்ஸ்டால் செய்ததும் முதல் வேலையாக, மேக்ஸ் சர்வர் மெமரி எவ்வளவு என்று பார்த்து 2048 எம்பி என்று கட்டுப்படுத்துங்கள். இல்லையென்றால் இருக்கிற ரேமையெல்லாம் அது எடுத்துக்கொள்ளப் பார்க்கும், லேப்டாப் திணறும். பழக டேட்டாவும் இலவசம்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கேள்வி பதில்களை டேட்டாபேஸாகவே பிரென்ட் ஓசார் தருகிறார். 2010 வரைக்குமான சின்னது சுமார் 10 ஜிபி. அதில் யூசர்ஸ் டேபிளில் கிட்டத்தட்ட 3 லட்சம் வரிசைகள், பிரைமரி கீ தவிர வேறு இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) கிடையாது. குவெரி எத்தனை பக்கம் படிக்கிறது என்று காட்டும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐஓவை ஆன் செய்துவிட்டு, ஊர்ப் பெயரை வைத்து ஆட்களைத் தேடுங்கள். எத்தனை பக்கம் படித்தது என்று குறியுங்கள். ஊர்ப் பெயர் இருக்கும் அந்த நெடுவரிசையில் (column) ஒரு இன்டெக்ஸ் போட்டு அதே குவெரியை மறுபடி ஓட்டுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். 'ஸ்லோவாக இருக்கிறது' என்று டிக்கெட் வரும்போது மேலே இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்த இரண்டு எண்ணில் தெரிந்துவிடும்.

அடுத்தது, கெடுத்து மீட்பது. உங்கள் லேப்டாப்பில், நீங்களே உருவாக்கிய ஒரு குட்டி டேட்டாபேஸில் மட்டும் செய்ய வேண்டியது. வேறு எங்கும் கூடாது. லாக் பேக்கப் எடுக்க வழிவிடும் ஃபுல் ரெக்கவரி மாடலில் வைத்து, செக்சத்தோடு ஃபுல் பேக்கப் எடுங்கள். இன்னும் கொஞ்சம் வரிசைகள் சேர்த்து லாக் பேக்கப் எடுங்கள். டிபிசிசி ஐஎன்டி என்ற கட்டளை உங்கள் டேபிளின் வரிசைகள் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று காட்டும். பேச்சுக்கு 312ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 8 கேபி, அதாவது 8192 பைட். 312ஐ 8192ஆல் பெருக்கினால் 25,55,904. டேட்டாபேஸை ஆஃப்லைன் ஆக்கிவிட்டு, ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் கருவி) திறந்து அந்த இடத்துக்குப் போனால் உங்கள் பக்கம் அங்கிருந்து தொடங்கும். நீங்கள் டைப் செய்த பெயர்கள் கொஞ்சம் தள்ளி எழுத்தெழுத்தாகக் கண்ணில் படும். அதில் நாலு எழுத்தை மாற்றி சேவ் செய்து, டேட்டாபேஸை ஆன்லைன் ஆக்கி, டேபிளைப் படியுங்கள். 824 வரும். முதல் தடவை அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தபோது, நானே வேண்டுமென்று செய்ததுதான் என்று தெரிந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பதற்றம் வீட்டில் வந்துபோகட்டும். பிறகு ரிப்பேரைத் தொடாமல் மீட்டுப் பாருங்கள். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், எங்கே தடுக்கியது, மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

தடுக்கிய இடம்தான் நேரலையில் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி. கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. "பேக்கப் பற்றி விளக்குங்கள்" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வெர்ஷன், என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன எரர் எண் வந்தது, என்ன முயன்று பார்த்தீர்கள் என்று நாலே வரி. இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை. முன்கூட்டியே நோட்பேடில் எழுதி வைத்து, சாட்டில் ஒட்டிவிடுங்கள், மைக்கை ஆன் செய்ய வேண்டியதே இல்லை. 824 என்ற எண் எல்லா மொழியிலும் 824தான். பேசுகிறவருக்கு ஆயிரம் பேர் தலையாட்டுவதைவிட, தான் சொன்னதைச் செய்து பார்த்து முட்டி நின்ற ஒருவரின் கேள்வி பெரிய சந்தோஷம். நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், தெரியும்.

இந்தக் கூட்டத்தாரிடம் எனக்குப் பிடித்தது, தங்கள் தவறை மறைக்காமல் சொல்வது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் போஸ்ட்கிரெஸ் (இன்னொரு டேட்டாபேஸ்) சர்வரில் தவறான மெஷினில் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. ஐந்து விதமாக பேக்கப், ரெப்ளிகேஷன் (வேறு சர்வரில் நகல்) வைத்திருந்தும் நேரத்துக்கு ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. பேக்கப் எடுக்கும் கருவியின் வெர்ஷனும் சர்வரின் வெர்ஷனும் பொருந்தாமல் ஜாப் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஃபெயில் என்று சொல்லும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) மீண்டார்கள். இடையில் சேர்ந்தது போனது போனதுதான். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், பிறகு நடந்ததையெல்லாம் விவரமாக எழுதி வெளியிட்டார்கள், அந்தப் பொறியாளரின் பெயரைப் போட்டு அவமானப்படுத்தவில்லை. அதைத் தேடிப் படித்து, 'நான் அங்கே எல்-1ஆக இருந்திருந்தால் எந்த இடத்தில் கண்டுபிடித்திருப்பேன்' என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நேர்காணலில் அந்த ஒரு பக்கம் பேசும்.

சான்றிதழ் இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதம் கழித்துத் தேவை என்று பட்டால், மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் எஸ்கியூஎல் நிர்வகிப்பதற்கான டிபி-300 தேர்வு இருக்கிறது. பாடம் மைக்ரோசாஃப்டிடமே இலவசமாகக் கிடைக்கும், தேர்வுக்கு மட்டும் கட்டணம். வேலை உத்தரவாதம் தரும் மையத்திடம், எந்த வேலை, எவ்வளவு நாளில், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பதில் அதுதான்.

இரண்டரை வருட இடைவெளியை ரெஸ்யூமேயில் மறைக்காதீர்கள். குழந்தைக்காக இருந்தேன் என்று ஒரே வரி. அதற்குக் கீழே, இந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை எதை மீட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் என்ற பட்டியல். டிபிஏ வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு எத்தனை நிமிடத் தரவு போகலாம், எத்தனை நிமிடத்தில் திரும்ப வரணும் என்ற இரண்டு கவலைதான் எப்போதும். ஒருநாள் நீங்களே பேசவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முதல் தடவை பேசுகிறவர்களுக்கென்றே, கூட ஒரு வழிகாட்டியைக் கொடுத்து, 'நியூ ஸ்டார்ஸ் ஆஃப் டேட்டா' என்ற ஆன்லைன் நிகழ்ச்சி 2020இல் தொடங்கியது. பச்சை ஜாபை நம்பலாமா என்ற தலைப்பில் பேச 5 வருட அனுபவம் உங்களிடம் இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை இன்ஸ்டால், மெமரி அமைப்பு, ஒரு ஃபுல் பேக்கப், அதை வேறு பெயரில் ஒரு ரீஸ்டோர். இவ்வளவு மட்டும் செய்யுங்கள். குழந்தை முழித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை மிச்சம். ரீஸ்டோர் செய்யும்போது, ஃபைலை ஓவர்ரைட் செய்ய முடியாது என்று ஒரு எரர் பெரும்பாலும் வரும். புதுப் பெயர் கொடுத்தாலும் ஃபைல் பழைய இடத்துக்கே போகப் பார்ப்பதால் வருவது அது. 'மூவ்' என்ற ஆப்ஷனைத் தேடிப் படித்து நீங்களே தாண்டிப் பாருங்கள். தாண்ட முடியாவிட்டால் அந்த நாலு வரியை எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் முதல் கேள்வியாக அதுவே இருக்கட்டும்.